தள்ளிவைத்தலும் தேடிச்செல்லுதலும்: தொற்றுநோய்த் தடுப்பின் வரலாற்றில் செவிலியரும் சேரியும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மார்ச் 10 சாவித்திரிபாய் புலே மறைந்த நாள். 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர், சேறும் சாணமும் வீசப்பட்டபோதும் பள்ளிக்கு நடந்துபோனவர் என்று அவரை நாம் அறிவோம். சுவரொட்டிகளிலும் மேடைப் பேச்சுகளிலும் அவர் ஆசிரியையாகவே வருகிறார். அது சரியானதே. ஆனால் அவர் எப்படி இறந்தார் என்பதை நாம் ஒற்றை வரியில் கடந்துபோய்விடுகிறோம். பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும்போது அந்நோய் தொற்றி, 66ஆம் வயதில் இறந்தார். இன்றைய உரைக்கு நான் அந்த ஒற்றை வரியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொற்றுநோய் வரும்போது ஒரு சமூகத்திற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நோயாளியைத் தள்ளிவைப்பது. மற்றொன்று, நோயாளியைத் தேடிச்செல்வது. தள்ளிவைப்பதை நம் நாட்டுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. சேரி என்பதே அந்தப் பாடத்தின் நிலவரைபடம். தேடிச்செல்வதைத்தான் கற்க வேண்டியிருந்தது. அதைக் கற்றபோதெல்லாம் நோய் பின்வாங்கியது. அந்தப் பாடத்தை நடந்து நடந்து கற்றுக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் பலர் செவிலியர்கள். ஆனால் அவர்கள் எந்தத் தெருவரைக்கும் நடந்தார்கள் என்பதைச் சாதி தீர்மானித்தது. இந்த மூன்றையும் வரலாற்றிலிருந்து காட்ட முயல்கிறேன்.

தீட்டும் கிருமியும்

கொரோனாக் காலத்தில் நாம் எல்லோரும் ஒரு பேச்சைக் கேட்டோம். மடி, ஆசாரம், தொடாமை, தள்ளி நிற்பது எல்லாம் நம் முன்னோர் கண்டறிந்த சுகாதார விதிகள், அறிவியல் இப்போதுதான் அதை ஒப்புக்கொள்கிறது என்ற பேச்சு. கைப்பேசிகளில் அது வெகுவேகமாகப் பரவியது. அதற்கு வரலாறு 1927இலேயே பதில் சொல்லியிருக்கிறது.

மகாராட்டிரத்தின் மகாட் நகரில் சவுதார் குளம் பொதுக்குளம். 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறந்துவிடத் தீர்மானம் நிறைவேற்றியது. மகாட் நகராட்சியும் அதை ஏற்றது. ஏட்டில் திறந்த குளம் நடப்பில் மூடியே கிடந்தது. ஆடுமாடு குடித்தது, தீண்டப்படாதவராக்கப்பட்டவர்கள் குடிக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகச் சென்று அந்த நீரை அள்ளிக் குடித்தார்கள். அதன்பின் சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். எப்படி? 108 பானைகளில் சாணம், கோமியம், பால், தயிர் எல்லாம் சேர்த்து மந்திரம் சொல்லிக் குளத்தில் கொட்டினார்கள்.

காலரா நீர் வழியாகப் பரவுகிறது என்பதை இலண்டனில் 1854இலேயே ஜான் ஸ்னோ காட்டிவிட்டார். 1884இல் இராபர்ட் கோக் கல்கத்தாவுக்கே வந்து, நோயாளிகளின் உடலிலும் அவர்கள் புழங்கிய குளத்து நீரிலும் காலராக் கிருமியைக் கண்டார். அதற்கு 43 ஆண்டுகள் கழித்து, ஊரே குடிக்கும் நீரில் சாணத்தைக் கரைத்து அதைத் தூய்மை என்று அழைத்தார்கள். தீட்டு என்பது கிருமியைப் பற்றிய அறிவே இல்லை என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை. கிருமி சாதி பார்ப்பதில்லை. தீட்டு சாதியை மட்டுமே பார்க்கிறது. கை கழுவுவதும் நீரைக் காய்ச்சிக் குடிப்பதும் எல்லோரையும் காக்கும். தீண்டாமை எவரையும் நோயிலிருந்து காத்ததில்லை. நல்ல தண்ணீர் கிடைக்காத மக்களை உண்டாக்கி, நோய்க்கு நிரந்தரமாக ஓர் இடம் பிடித்துக்கொடுத்ததுதான் அது செய்த வேலை.

சவுதார் குளத்துக்கு ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு முன்பே, 1868இல், சோதிராவ் புலே தம் வீட்டுக் கிணற்றைத் தீண்டப்படாதவராக்கப்பட்டோருக்குத் திறந்துவிட்டார் என்பதை இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் சமூக சீர்திருத்தம் என்ற தலைப்பில் மட்டும் படிக்கிறோம். பொதுச் சுகாதார வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு.

அம்மைப்பாலும் சாதியும்

தொற்றுநோய்த் தடுப்பு இந்தியாவுக்குள் நுழைந்த முதல் நாளிலிருந்தே சாதியோடு மோதியது. பெரியம்மைக்கான ஜென்னரின் தடுப்பூசி 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்குப் போடப்பட்டது. இந்தியாவில் அது முதல் தடுப்பூசி. அன்று மருந்தைக் குப்பியில் அடைத்து வெப்பத்தில் பாதுகாக்கும் வசதி இல்லை. ஒரு குழந்தையின் கையில் அம்மை குத்துவார்கள். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அங்கே கொப்புளம் எழும்பும். அந்தக் கொப்புளத்தின் நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். இதைத்தான் நம் பக்கத்தில் அம்மைப்பால் என்றார்கள். இப்படிக் கைக்குக் கையாக, குழந்தையிலிருந்து குழந்தைக்கு, ஊரிலிருந்து ஊருக்கு அம்மைப்பால் பயணம் செய்தது.

அந்தச் சங்கிலியில் பாலைச் சுமந்த குழந்தைகளில் பலர் ஏழைகள், ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகள். அவர்களின் பெற்றோரால் மறுத்துப் பேச முடியாது. கொப்புளத்தை மறுபடி கீறும்போது அந்தக் குழந்தைகள் பட்ட வலியை யாரும் பதிவு செய்யவில்லை. ஆனால் தாழ்ந்த சாதிக் குழந்தையின் கையில் விளைந்த பால் தம் குழந்தையின் உடம்பில் கலப்பதா என்ற உயர்சாதியினரின் எதிர்ப்பு காலனி அரசின் அறிக்கைகளில் திரும்பத் திரும்பப் பதிவானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கன்றுக்குட்டிகளிடமிருந்து மருந்து எடுக்கும் முறை பரவியது. சென்னை மாகாணத்துக்கு அதைத் தயாரிக்கத்தான் கிண்டியில் கிங் நிலையம் உருவானது. சாதிச் சிக்கலைச் சமூகம் தீர்க்கவில்லை; தொழில்நுட்பம் அதைச் சுற்றிக்கொண்டு போனது.

பெரியம்மை எப்படி ஒழிந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றரை நூற்றாண்டுத் தடுப்பூசிக்குப் பிறகும் அது போகவில்லை. 1970களில் உத்தி மாறியது. சுகாதாரப் பணியாளர்கள் நோயாளியின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோடிக்கணக்கான வீடுகளின் கதவைத் தட்டி, ‘இப்படி யாருக்காவது இருக்கிறதா?’ என்று கேட்டார்கள். ஒரு நோயாளி கிடைத்தால் அவரைச் சுற்றியுள்ள எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. மருந்து 1802இலேயே வந்துவிட்டது. கதவைத் தட்டும் கை வந்துசேரத்தான் 170 ஆண்டுகள் ஆயின.

1897: சட்டமும் முதுகும்

1896இன் பிற்பகுதியில் பம்பாயில் பிளேக் வெடித்தது. 1897 பிப்ரவரி 4 அன்று தொற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியது. நான்கே பிரிவுகள் கொண்ட மிகச் சிறிய சட்டம். அரசு எந்த நடவடிக்கையையும் எடுக்கலாம், மீறுபவரைத் தண்டிக்கலாம், நடவடிக்கை எடுத்த அதிகாரி மீது வழக்குப் போட முடியாது என்பதே அதன் சாரம். நோயாளிக்கு என்ன உரிமை, அவருக்கு யார் சோறு கொடுப்பது, யார் பார்த்துக்கொள்வது என்பதைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

புனேயில் ரேண்ட் என்ற அதிகாரியின் தலைமையில் படைவீரர்கள் வீடுவீடாகப் புகுந்தார்கள். நோயுற்றவர்களை இழுத்துச் சென்றார்கள், உடைமைகளை எரித்தார்கள், பெண்களை இழிவாக நடத்தினார்கள். மக்கள் கொதித்ததில் வியப்பில்லை. ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்கள் ரேண்டைச் சுட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. சமையலறையும் பூசையறையும் தீட்டுப்பட்டுவிட்டன என்ற சாதிக் கோபமும் கலந்திருந்தது. நம் பாடப்புத்தகங்களில் புனே பிளேக் என்றால் இந்த இரண்டு தரப்புகள்தான்: அடக்குமுறை செய்த வெள்ளை அரசு, அதை எதிர்த்த தேசியவாதிகள்.

மூன்றாவதாக ஒரு தரப்பு இருந்தது. சாவித்திரிபாயும் அவருடைய வளர்ப்பு மகன் மருத்துவர் யஷ்வந்தும் புனேக்கு வெளியே ஹடப்சர் பக்கம் பிளேக் நோயாளிகளுக்காக ஒரு சிகிச்சை இடம் தொடங்கினார்கள். முண்ட்வா கிராமத்தின் மகர் குடியிருப்பில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பிளேக் கண்டிருப்பது தெரிந்து சாவித்திரிபாய் அங்கே போனார். 66 வயது மூதாட்டி அந்தச் சிறுவனைத் தம் முதுகில் சுமந்து சிகிச்சை இடத்துக்குக் கொண்டுவந்தார். அதில் அவருக்கும் நோய் தொற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார்.

அன்று அந்த நோய்க்கு மருந்து கிடையாது. எலித் தெள்ளின் வழியாகப் பிளேக் பரவுகிறது என்பதை சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898இல்தான் கராச்சியில் காட்டினார். அதையும் பல ஆண்டுகள் யாரும் நம்பவில்லை. அதாவது, வீட்டுக்காரர்களைத் துரத்திய அரசு எலியை விட்டுவிட்டது. காரணம் தெரியாதபோது அதிகாரம் மனிதர்களைத்தான் தள்ளிவைக்கும். காரணம் தெரியாதபோதும் ஒரு நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்க, உடம்பைத் துடைக்க, அவரைத் தூக்கிச் செல்ல முடியும் என்று காட்டியவர் சாவித்திரிபாய். சமூகச் செவிலியம் என்ற சொல் இந்தியாவில் புழங்குவதற்கு முன்பே அதன் இலக்கணம் ஒரு சேரிக்குள் எழுதப்பட்டுவிட்டது.

1897இன் வரலாற்றை எழுதும்போது ரேண்டுக்கு ஒரு பக்கமும் சாபேகர்களுக்கு ஒரு பக்கமும் ஒதுக்குகிறவர்கள், சாவித்திரிபாய்க்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்பது நம் கோரிக்கையாக இருக்கட்டும்.

யார் செவிலியர் ஆனார்கள்?

மருத்துவமனைக்குள் இருக்கும் செவிலியரிலிருந்து வீடு தேடி வரும் செவிலியர் வேறுபட்டவர். நியூயார்க்கில் புலம்பெயர்ந்த ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதிக்கு 1893இல் குடிபெயர்ந்து, அங்கேயே தங்கி வீடுவீடாகச் சென்ற லில்லியன் வால்ட் என்பவர்தான் ‘பொதுச் சுகாதாரச் செவிலியர்’ என்ற பெயரைப் பரவலாக்கினார். அதே நகரில் 1900ஆம் ஆண்டு, கறுப்பின மக்களிடையே காசநோய் அதிகமாக இருந்தபோது, ஜெஸ்ஸி ஸ்லீட் என்ற கறுப்பினச் செவிலியர் தற்காலிகமாகப் பணியமர்த்தப்பட்டார். தம் மக்களின் வீடுகளுக்குப் போய், அவர்களைச் சிகிச்சைக்கு வரச் செய்து, அறிக்கை கொடுத்தார். தற்காலிக வேலை நிரந்தரமானது. ஒதுக்கப்பட்ட மக்களின் வீட்டுக்கதவு தம்மவர் தட்டும்போது எளிதாகத் திறக்கிறது என்பதை அந்த அனுபவம் காட்டியது.

இங்கே நிலைமை என்ன? இரத்தம், சீழ், மலம், பிரசவம், பிணம் ஆகியவற்றைத் தொடும் வேலைகளைச் சாதி ஏற்கெனவே பிரித்துக் கொடுத்திருந்தது. பிரசவம் பார்ப்பது தமிழ்நாட்டில் மருத்துவச்சியின் சாதித் தொழில். வட இந்தியாவில் தொப்புள்கொடி அறுப்பது தலித் பெண்ணின் வேலை. ஆகவே செவிலியப் பணிக்கு நெடுங்காலம் உயர்சாதிப் பெண்கள் வரவில்லை. மிஷன் மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற கிறித்தவப் பெண்களே பெரும்பாலும் அந்தத் தொழிலை உருவாக்கினார்கள். அவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். பிறர் இழிவு என்று கருதியதைத் தொழிலறிவாக மாற்றியவர்கள் அவர்கள்.

விளைவு எண்ணிக்கையில் தெரிந்தது. 1946இல் வெளியான போர் குழு அறிக்கை, இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு மருத்துவர் என்றும் 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்றும் கணக்குக் காட்டியது. வீடு தேடிச் செல்லும் சுகாதாரப் பார்வையாளரோ 4,00,000 பேருக்கு ஒருவர். உலகில் மற்ற இடங்களில் மருத்துவரைவிடச் செவிலியர் கூடுதலாக இருக்க, இங்கே கணக்கு தலைகீழாக இருந்தது. பணப் பற்றாக்குறையை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. பணம்தான் தடை என்றால் செலவு கூடிய மருத்துவர்களின் எண்ணிக்கையல்லவா குறைந்திருக்க வேண்டும்? தொடுவதற்குக் கூச்சப்படும் சமூகம் செவிலியரை உருவாக்கவில்லை என்பதே என் வாசிப்பு.

சென்னை காட்டிய சான்று

இனி, தேடிச்செல்லுதல் வெறும் இரக்கம் இல்லை, அது அறிவியல் என்பதை உலகத்துக்கே நிரூபித்த இடத்துக்கு வருவோம். அந்த இடம் சென்னை.

1950களில் காசநோய்க்கு மருந்து வந்துவிட்டது. ஆனால் நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து, காற்றோட்டமான சானடோரியத்தில் பல மாதங்கள் ஓய்விலும் நல்ல உணவிலும் வைத்திருப்பதே சரியான சிகிச்சை என்று மருத்துவ உலகம் நம்பியது. நம் புறநகர் இரயில் பாதையில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற நிலையப் பெயர் அந்தக் காலத்தின் மிச்சம். இலட்சக்கணக்கான ஏழை நோயாளிகளுக்குச் சானடோரியப் படுக்கைக்கு எங்கே போவது?

1956இல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்திய மையம் அது. சென்னையின் நெருக்கமான ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மறு பகுதியினர் தம் குடிசையிலும் ஒண்டுக் குடித்தனத்திலும் இருந்தபடியே அதே மருந்துகளை ஓராண்டு சாப்பிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு உணவு குறைவு, ஓய்வு குறைவு, இடம் குறைவு. ஆனால் அவர்களைத் தேடிச் செவிலியர்களும் சுகாதாரப் பார்வையாளர்களும் போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். நிறுத்திவிட்டவர்களிடம் காரணம் கேட்டார்கள்.

1959இல் முடிவு வெளியானது. குணமடைந்தோரின் விகிதத்தில் இரண்டு குழுக்களுக்கும் இடையே சிறிய வேறுபாடுதான் இருந்தது. அதைவிட முக்கியமான முடிவு ஒன்று உண்டு. இரண்டு குழு நோயாளிகளின் குடும்பத்தினரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்ததால் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கியதும் பரப்பும் ஆற்றல் வேகமாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே நோயாளியைப் பிரித்துவைப்பதைவிட, நோயை விரைவில் கண்டறிந்து, மருந்து நிற்காமல் பார்த்துக்கொள்வதே ஊரைக் காக்கும் வழி.

உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். மருந்து உட்கொள்வதை நேரில் கண்காணிக்கும் இன்றைய முறையின் வேரும் இங்கே இருக்கிறது. அறிக்கைகளில் ஆய்வாளர்களின் பெயர்கள் இருக்கின்றன. வெயிலில் சந்து சந்தாக நடந்து மாத்திரை எண்ணிய பெண்களின் பெயர்கள் நம் நினைவில் இல்லை.

எல்லா நோய்க்கும் இதே கணக்கு பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. சில தொற்றுகளில் நோயாளியைச் சில நாட்கள் தனியாக வைத்தே ஆக வேண்டும். அப்போதும் கேள்வி ஒன்றுதான்: தனியறைக்குள் யாராவது போகிறார்களா? உணவோடும் மருந்தோடும் உள்ளே போக ஒருவர் இருந்தால் அது சிகிச்சை. யாரும் போகவில்லை என்றால் அது விலக்கிவைத்தல்.

நர்சம்மா நின்ற இடம்

விடுதலைக்குப் பின் தேடிச்செல்லும் பணி ஒரு பதவியாக வடிவெடுத்தது. துணைச் செவிலியர் என்றும் பின்னர் கிராம சுகாதாரச் செவிலியர் என்றும் பெயர். நம் ஊர்களில் நர்சம்மா. சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,700 நிலையங்கள். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, குழந்தைகளுக்கு ஊசி போடுவது, ஊசி மருந்தைக் குளிர் குறையாமல் பெட்டியில் கொண்டுவருவது, வயிற்றுப்போக்கு வந்த வீட்டுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கொடுப்பது, காய்ச்சல் கணக்கெடுப்பது, சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது என்று அவருடைய பதிவேடுகள் நீளும். 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. அந்தச் சான்றுக்குப் பின்னால் இருப்பது இலட்சக்கணக்கான வீட்டு வாசல்கள். தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரம் பற்றி நாம் பெருமைப்படும் பலவும் இந்தப் பெண்களின் கால்களில் நிற்கிறது.

அந்தக் கால்கள் எங்கே நின்றன என்பதையும் கேட்க வேண்டும். 2006இல் நூலாக வெளிவந்த ‘கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை’ ஆய்வு 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்தார்கள் என்று அது பதிவு செய்தது. சேரியின் முனையில் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டு எல்லோரையும் அங்கே வரச்சொன்னால் பதிவேடு நிரம்பிவிடும். ஆனால் எழுந்து வர முடியாத நோயாளி அந்தப் பதிவேட்டில் இருக்கமாட்டார். பிரசவித்துப் படுத்திருக்கும் பெண் இருக்கமாட்டார். மூன்று வாரமாக இருமிக்கொண்டிருக்கும் முதியவர் இருக்கமாட்டார். தொற்று அவர்களிடமிருந்துதான் புறப்படும்.

மறுபக்கமும் உண்டு. தலித் பெண்ணே செவிலியராக வரும்போது ஊர்த்தெரு அவரை எப்படி நடத்துகிறது? களத்தில் நான் பேசிய செவிலியர்கள் சிலர், வாடகைக்கு வீடு கேட்டபோது முதலில் சாதி விசாரிக்கப்பட்டதைச் சொன்னார்கள். குழந்தைக்கு ஊசி போட நீட்டும் கையை, தாகத்துக்குத் தண்ணீர் கேட்கும்போது வேறுவிதமாகப் பார்க்கும் வீடுகள் இருப்பதைச் சொன்னார்கள். வேலை செய்யும் ஊரிலேயே தங்க வேண்டும் என்று விதி சொல்கிறது. எந்தத் தெருவில் தங்க முடியும் என்பதை விதி சொல்வதில்லை.

2020உம் 2022உம்

2020 மார்ச்சில், 123 ஆண்டுகள் பழைய அதே தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் அரசு கையில் எடுத்தது. ‘சமூக இடைவெளி’ என்ற சொல் ஒலிபெருக்கிகளில் முழங்கியது. உடல்களுக்கு இடையே இடைவெளி வேண்டும் என்பதற்கு, நம் நாட்டில் போய், சமூக இடைவெளி என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லின் பொருத்தமின்மையை நம் தோழர்கள் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். ஏப்ரலில் சென்னையில், தொற்றால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் ஒன்று கல்லெறிந்து விரட்டியது. மருத்துவரின் உடலுக்கே அந்த நிலை என்றபோது பலர் அதிர்ந்தார்கள். சுடுகாட்டுப் பாதை மறுக்கப்பட்டுப் பழகிய நமக்கு அந்தக் காட்சி பழையது. அடுத்த சில நாட்களில் சுகாதாரப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்க அவசரச் சட்டம் வந்தது. நல்லது. ஆனால் அதே நாட்களில் போதிய பாதுகாப்புக் கருவி இல்லாமல் தெருக்களைக் கூட்டிய, சாக்கடைகளைச் சுத்தம் செய்த தூய்மைப் பணியாளர்களுக்குக் கைதட்டல் கிடைத்தது, நிரந்தரப் பணி கிடைக்கவில்லை. கொரோனாவுக்காக ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணியும் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடித்துவைக்கப்பட்டது.

அதே டிசம்பரில்தான் வேங்கைவயல். புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தத் தலித் குடியிருப்பில் குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. குடிநீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மேல்நிலைத் தொட்டிக்குள் மனித மலம் கிடந்தது டிசம்பர் 26 அன்று தெரியவந்தது. வழக்கின் போக்கைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. பொதுச் சுகாதாரத்தின் கோணத்தில் ஒன்றை மட்டும் கேட்கிறேன். ஒரு குடியிருப்பின் குழந்தைகள் நோயுறுவதுதான் அங்கே குடிநீரைச் சோதிக்கும் ஒரே முறையா? மகாட்டில் குளத்து நீர் மறுக்கப்பட்டதற்கும் வேங்கைவயலில் தொட்டி நீர் கெட்டதற்கும் நடுவே 95 ஆண்டுகள் இருக்கின்றன.

நாம் என்ன கேட்க வேண்டும்?

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. பெரும்பாலும் இரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற தொற்றா நோய்களுக்கான திட்டம். அந்தப் பெயரை நான் மனமார வரவேற்கிறேன். தேடிச்செல்லுதல் ஓர் அரசுத் திட்டத்தின் பெயராகவே ஆகியிருப்பது சிறிய விஷயமில்லை. பெயரை ஏற்றுக்கொண்ட அரசிடம் அதன் பொருளைக் கேட்பது நம் கடமை.

ஒன்று, துணை சுகாதார நிலையம் எங்கே கட்டப்படுகிறது என்று கேட்போம். சேரி மக்கள் ஊர்த்தெருவைத் தாண்டிப் போகவேண்டிய இடத்தில் இருந்தால் அது பாதி மக்களுக்கு மூடிய நிலையம். நிலையம் சேரியில் இருக்கட்டும். ஊரார் அங்கே வரட்டும்.

இரண்டு, வீட்டு வருகைப் பதிவேட்டைத் தெருவாரியாகத் தணிக்கை செய்யச் சொல்வோம். கிராமத்தின் சராசரி நமக்குப் போதாது. தடுப்பூசி விடுபட்ட குழந்தைகள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், மருந்தை நிறுத்திய காசநோயாளிகள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பது தெரிய வேண்டும்.

மூன்று, தேடிச்செல்லும் பணிக்கு நிரந்தர வேலையும் முழு ஊதியமும் கேட்போம். தொகுப்பூதியத்திலும் ஊக்கத்தொகையிலும் ஓடும் ஒரு பெண்ணின் கால்களின் மேல் ஒரு மாநிலத்தின் நோய்த்தடுப்பை ஏற்றிவைப்பது நியாயமில்லை.

நான்கு, தூய்மைப் பணியாளர்களைப் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் என்று சட்டப்படி ஏற்கச் சொல்வோம். ஊசி போடுவது நோய்த்தடுப்பு என்றால் கழிவை அகற்றுவதும் நோய்த்தடுப்புத்தான். ஒன்றைச் சேவை என்றும் மற்றதைச் சாதித் தொழில் என்றும் பிரிப்பது அறிவியலுக்கும் விரோதம், அறத்துக்கும் விரோதம். மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் சாவுகள் தொடர்கின்றன. பிறருக்கு நோய் வராமல் காப்பவர் சாகக்கூடாது என்பதிலிருந்துதான் எந்த நாட்டின் பொதுச் சுகாதாரமும் தொடங்க வேண்டும்.

மாணவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நம் வரலாறு போராட்டங்களின் வரலாறாக ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. நம் நோய்களின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. கோவையில் பிளேக் மாரியம்மன் என்றே பெயர் கொண்ட கோயில்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு கொள்ளைநோயின் நினைவு அந்தப் பெயரில் உறைந்து கிடக்கிறது. அந்த நோயின்போது பிணம் தூக்கியவர் யார், பறையடித்து எச்சரித்தவர் யார், காலி செய்த வீடுகளைச் சுத்தம் செய்தவர் யார் என்று உங்கள் ஊரின் முதியவர்களிடம் கேளுங்கள். ஓய்வுபெற்ற நர்சம்மாக்கள், மருத்துவச்சிகள், அம்மை குத்த வந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். சேரிக்கு முதன்முதலாக ஊசி எந்த ஆண்டு வந்தது, குழாய் எந்த ஆண்டு வந்தது, ஊர்த்தெருவுக்கு அது எத்தனை ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது என்று எழுதுங்கள். அந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் இறந்த குழந்தைகள்தான் தீண்டாமையின் கணக்கு.

சாவித்திரிபாய் முண்ட்வாவுக்குப் போன நாளில் அவருக்கு அரசு உத்தரவு எதுவும் இல்லை, மருந்தும் இல்லை. இன்று நம்மிடம் உத்தரவும் மருந்தும் இருக்கின்றன. சேரியின் கடைசி வீடு வரை போக வேண்டிய தூரம் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தத் தூரத்தை அளந்து, எழுதி, கேள்வி கேட்பதே அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.